எசென்தூரின் நாலு மணி நேரம்

காலை எட்டரை மணிக்கு எசென்தூர் தேநீர்க் கிண்ணத்தோடு வாசலைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்து அண்ணாந்து நிற்பான். இரவு முழுக்கப் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டுவிட்டு வந்தவன், நேரே போய்ப் படுத்தால் என்ன? படுக்க மாட்டான். தெருவில் இருக்கிற பதினேழு புகைபோக்கிகளையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்த பிறகுதான் அவனுக்குத் தூக்கம்.

"மூணாவது வீட்டுல கட்டிக்கரி. புகை நிமிர்ந்து போகுது பாரு. எதிர் வீட்டுக்காரன் ஈரக்கரி வாங்கிட்டு வந்திருக்கான். தண்ணிக்கும் சேத்துக் காசு குடுத்திருக்கான், மடப்பய. கடைசி வீட்டுல பழைய செருப்பை எரிக்கிறாங்க. நாத்தம் வருதா அக்கா?"

அக்கா அனார்குல் பால் வாளியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். நாற்றம் வருகிறதோ இல்லையோ, "ஆமாண்டா, வருது" என்பாள். கரி விஷயத்தில் தம்பி சொல்லி எது தப்பாகப் போயிருக்கிறது? போன குளிர்காலத்தின் நடுப்பகுதி வரைக்கும் அவள் யாரிடமும் தயங்காமல் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆள் குட்டை. ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. இடது புருவம் பாதிதான் இருக்கும்; கொதிகலன் கதவைத் திறக்கும்போது ஒருநாள் தீ வந்து நக்கியது, திரும்ப முளைக்கவே இல்லை. வெள்ளைக் கம்பளித் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டான். "தலை வழியாத்தான் மனுசன் சூட்டை விடுறான். வீட்டுக்குக் கூரை மாதிரி" என்பான். கோட்டின் வலது பையில் ஒரு கொக்கித் தராசு, இடது பையில் ஒரு துண்டு மெழுகுவத்தி. மனைவி மூன்று வருடமாக மாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். தொலைபேசியில் பேசினால் முதலில் அவளுடைய அறையில் எத்தனை டிகிரி சூடு என்று கேட்டுவிட்டுத்தான் நலம் விசாரிப்பான். ஒரே முற்றத்தில் இந்தப் பக்கம் அவன் வீடு, அந்தப் பக்கம் அக்கா வீடு, நடுவில் அக்காவின் பசு.

பிஷ்கெக் நகரத்தின் இந்த ஓரத்தில் கரி வண்டி ஓட்டுகிற ஜூமாபாய்க்கு எசென்தூரைத் தூரத்தில் கண்டாலே கோட்டின் கழுத்துப்பட்டை மேலே ஏறிவிடும். முகத்தை மறைத்து என்ன பயன்? வண்டி பச்சை, முன்விளக்கு ஒன்றுதான். எசென்தூர் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறி, இரண்டு கட்டிகளை எடுத்துக் காதருகில் வைத்து ஒன்றோடொன்று தட்டுவான். கிணுங்கினால் கரி. தொப்பென்றால் மண். பிறகு ஒரு துண்டைப் பல்லில் வைத்துக் கடிப்பான்.

"ஏய், கரியைத் திங்கற. மென்னு முழுங்குறதுக்கும் காசு உண்டு, ஆமா!"

"உன் கரியில பாதி கல்லு ஜூமாபாய். பல்லு போனா நீதான் கட்டித் தரணும்."

தெருவே நின்று சிரிக்கும். ஆனால் எசென்தூர் தலையசைத்தால்தான் தெருவில் கரி விற்கும். ஜூமாபாய்க்கும் அது தெரியும். இரண்டு மூட்டை நல்ல கரியை இவனுக்குக் காட்டுவதற்கென்றே மேலாக அடுக்கிக்கொண்டு வருவான் என்பது எசென்தூருக்கும் தெரியும்.

எதை எரித்தால் கட்டுப்படியாகும் என்று கேட்டு வருகிறவர்களிடம் எசென்தூர் பணத்தில் விடை சொல்ல மாட்டான். அந்த ஊர்ப் பணமான சோமில் சொன்னால் ஆளுக்கு உறைக்காது என்பது அவன் கட்சி. அவரவர் பிழைப்பில் சொல்லுவான். சிற்றுந்து ஓட்டுகிறவனிடம், "உன் வீட்டு மின்னடுப்பு மாசம் ஒன்பது நாள் உன்னை அதுக்காக வண்டி ஓட்ட வைக்குது" என்பான். ரொட்டி சுடுகிற பெண்ணிடம் ரொட்டியில் சொல்லுவான். சொந்த அக்காவையும் விடவில்லை.

"உன் அடுப்பு மாசம் நூத்தியிருபது லிட்டர் பால் குடிக்குது அக்கா."

அனார்குல் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நூற்றிருபது லிட்டர்! ஒரு கன்றுக்குட்டி குடித்தால்கூடப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். இரண்டு நாள் பசுவின் முகத்தை நேராகப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் தம்பியைக் கூப்பிட்டு அடுப்பைத் திருத்தச் சொன்னாள். அந்த மாதம் முப்பது லிட்டர் குறைந்தது. பால் வாங்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் அதைச் சொன்னாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள்; அவன் பத்து வரை போனான். பத்தாவது படித்தவனுக்கு இவ்வளவு மூளை என்றால் மேலே படிக்க வைத்திருந்தால் மந்திரியாகியிருப்பான் என்பாள். "கரி மந்திரி" என்று ஜூமாபாய் அதற்கு ஒரு வால் ஒட்டினான்.

வீட்டைத் திருத்துவதற்கு எசென்தூர் கையாண்ட முதல் கருவி அந்த மெழுகுவத்திதான். வீட்டுக்காரர்களை எல்லாம் அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டு, வத்தியைக் கொளுத்தி, சன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போவான். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே ஓட்டை. கம்பளித் துணியைத் திணித்து, மேலே மாவுப் பசையில் காகிதம் ஒட்டி, மறுபடி வத்தியைப் பிடிப்பான். சுடர் நட்டுவைத்த குச்சி மாதிரி நேராக நிற்கிற வரைக்கும் விட மாட்டான். பிறகு அடுப்புக்கு வருவான். புகைபோக்கியின் கழுத்தில் இருக்கிற இழுப்புத் தகட்டைத் தட்டிக் காட்டுவான்.

"இது திறந்திருக்கிற வரைக்கும் நீ காக்காய் குளிர்காயறதுக்குக் கரி எரிக்கிறே."

தீ அடங்கியதும் தகட்டைத் தள்ளிப் புகைவழியை மூடிவிட்டால் சூடு வெளியே போகாமல் செங்கல்லில் தங்கும். இது எல்லா வீட்டிலும் எல்லோரும் செய்கிறதுதான். எப்போது மூடுவது என்பதில்தான் எப்போதும் தகராறு. சீக்கிரம் மூடினால் கங்கிலிருந்து நச்சுக்காற்று வீட்டுக்குள் திரும்பும். நேரம் கழித்து மூடினால் சூடு போய்விடும். எசென்தூர் இதை ஊகத்துக்கு விடவில்லை. முந்தின வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு, பதினோரு நாள் தன் வீட்டு அடுப்பின் முன் முக்காலி போட்டுக் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தான். கடைசி வாளி கரி போட்டதிலிருந்து நாலு மணி நேரம் ஆனால் நச்சுக்காற்றைக் காட்டுகிற நீலச் சுடர் ஒன்றுகூட இல்லை. பதினோரு நாளும் அப்படித்தான்.

நாலு மணி நேரம். அது தெருவில் சட்டமாயிற்று. "எசென்தூரோட நாலு மணி" என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பாதிப் பங்கு அனார்குலுடைய பால் வாளிக்கு உண்டு.

சைக்காலை அவனிடம் கூட்டி வந்ததும் அனார்குல்தான். சைக்கால் மூலை வீட்டுக்காரி. முப்பத்தொரு வயது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையல் கூடத்திலிருந்து வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து வீட்டிலேயே பாவாடை தைக்கிறவள். புருஷன் விட்டுப் போய் மூன்று வருடம். போனவன் வேறு குடும்பம் கட்டிக்கொண்டான். ஒன்பது வயது மேரிம், மூன்று வயதில் ஒரு பையன். குளிரில் விரல் விறைத்தால் தையல் கோணும், கோணினால் கூடத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் நாள் பூரா மின்னடுப்பு ஓடியது. மாதத்தில் எழுநூறு யூனிட் தாண்டிவிட்டால் மின்சாரத்தின் விலையே வேறு. அக்டோபர் கடைசியில் வந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முற்றத்தில் நின்றபோது முகம் செத்துப்போயிருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை பாவாடை?" என்றான் எசென்தூர்.

"பதினஞ்சு அண்ணே. ஜிப்பு தகராறு பண்ணலைன்னா பதினெட்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பாதிப் புருவம் மட்டும் மேலும் கீழும் போயிற்று.

"சனவரியில மின்சாரத்துக்கு மட்டும் மாசம் நூறு பாவாடை தைப்பே."

"நூறா?"

"நூறு. ஒரு வாரம் பூரா நீ மிதிக்கிற மிதி கம்பிக்குள்ள போகுது."

சைக்கால் அனார்குலின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எரிவாயு போட்டா?"

"குழாய் அடுத்த தெருவோட நின்னு போச்சு. உன் வீடு வரைக்கும் இழுக்க ஆயிரத்து முந்நூறு பாவாடை. அதுக்குள்ள மேரிமுக்குக் கல்யாணமே ஆயிடும்."

"வறட்டி?" என்றாள் அனார்குல்.

"உன் பசு ஒத்தைப் பசு அக்கா. அது ஒரு மாசம் பாடுபட்டுப் போடறது இவளுக்கு ஒரு வாரத்துக்குக் காணாது. பாவம், அதை நம்பி ஒரு குடும்பத்தை ஒப்படைக்காதே."

சைக்காலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. மூன்று விரலை மடக்கி, ஒவ்வொன்றாக நீட்டினான்.

"கட்டிக்கரி எம்பத்தஞ்சு பாவாடை. அதுவும் அதிகந்தான். ஜூமாபாய் வண்டி அடியில தங்குதே தூள்கரி, அதை யாரும் வாங்குறதில்லை. பாதி விலை. மூணு பங்கு தூளுக்கு ஒரு பங்கு களிமண்ணு, தண்ணி விட்டுப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சுக் காய வை. மெதுவா எரியும், ரொம்ப நேரம் நிக்கும். நாப்பத்தஞ்சு பாவாடை. அம்பத்தஞ்சு பாவாடை உன் கையில நிக்கும் சைக்கால். எடுத்துப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்கு."

அந்த இடத்தில் அனார்குலுக்குக் கண் கலங்கியது. யார் தம்பி!

அவன் வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. சைக்கால் வீட்டில் பழைய செங்கல் அடுப்பு ஒன்று தட்டுமுட்டுச் சாமான் வைக்கிற மேடையாகக் கிடந்தது. அதைத் தட்டிக் கழுவிப் பூசினான். புகைபோக்கிக்குள் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அடைப்பு எடுத்தான். ஏழு சன்னலுக்கும் இரட்டைக் காகிதம் ஒட்டினான். வத்திச் சுடர் நேராக நின்றது. உருண்டை பிடிப்பதில் மேரிமுக்கு ஒரே குதூகலம். அவள் பிடித்த உருண்டைகளுக்குக் கண்ணும் வாயும் வைத்திருந்தாள். கிளம்பும்போது எசென்தூர் வாசலில் நின்று விரலை ஆட்டிச் சொன்னான்: "கடைசி வாளி போட்டதிலிருந்து நாலு மணி. முன்னாடி மூடாதே, ஆபத்து. பின்னாடியும் மூடாதே. அரை மணி பிந்தினா ஒரு பாவாடை."

டிசம்பர் முழுக்க அந்த வீட்டில் தையல் எந்திரத்தின் சத்தம் ஓயவில்லை. பையன் வெறும் கால்சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தான். மேரிமுக்குப் பள்ளிக்கூடம் பிற்பகலில்தான். காலையில் அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டு வந்து, வாசலில் உறைந்து கிடக்கிற பனிக்கட்டி மேல் கோலம் போடுகிற மாதிரி தூவுவாள், வருகிறவர்கள் வழுக்கி விழக் கூடாதென்று. தினமும் அரை லிட்டர் பால் கொண்டுபோகிற அனார்குலின் காலுக்கு அந்தச் சாம்பல் பழகிப்போயிருந்தது.

சனவரி மூன்றாம் வாரம் குளிர் முற்றியது. வாளித் தண்ணீர் முற்றத்தைக் கடப்பதற்குள் தோல் கட்டிவிடும். அன்று காலையும் எசென்தூர் கிண்ணத்தோடு நின்று புகை படித்தான். மூலை வீட்டுக்கு வந்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா அக்கா! மணி எட்டரை ஆச்சு, சைக்கால் இன்னும் அடுப்புப் பத்த வைக்கலை. இந்தக் குளிர்ல ராத்திரிச் சூடு இன்னும் நிக்குது பாரு. ஊரே புகைஞ்சுட்டு இருக்கு, அவ வீட்டுக்குத் தேவைப்படலை. இதான் கணக்கு!"

அனார்குல் பூரித்துப்போய்ப் பால் வாளியோடு நடந்தாள். அந்தப் புகையற்ற புகைபோக்கியைக் காட்டி இன்றைக்கு யார் யாரிடம் சொல்லலாம் என்று மனதுக்குள் வரிசை கட்டிக்கொண்டே போனாள். மூலை வீட்டு வாசலில் கால் வைத்ததும் வழுக்கியது. வேலியைப் பிடித்துத் தப்பினாள். வாளியில் பாதிப் பால் கொட்டிவிட்டது. பனிக்கட்டி கண்ணாடி மாதிரி பளபளவென்று வெறுமையாகக் கிடந்தது. 'இந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு என்ன வந்துது' என்று அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏண்டா, இவங்க வாசல்ல சாம்பலே போடலைடா!"

அவன் கையிலிருந்து கிண்ணம் விழுந்து உடைந்தது. அனார்குலுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. தம்பி ஓடி வருவதைப் பார்த்ததும் பாலுக்காகவா இப்படி ஓடி வருகிறான் என்றுகூட நினைத்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய்க் கதவில் மோதினான். உள்ளே தாழ். தட்டினான். பெயர் சொல்லிக் கத்தினான். சன்னலுக்குப் போனான். அவன் தன் கையால் ஒட்டிய இரட்டைக் காகிதம், திணித்த கம்பளி. எலி மூச்சு விடக்கூட வழியில்லை. வேலியோரம் கிடந்த கரி அள்ளுகிற சட்டுவத்தை எடுத்து வெளிக் கண்ணாடியை உடைத்தான். உள் கண்ணாடி அப்படியே நின்றது. அதையும் உடைத்தான்.

உடைந்த சன்னல் வழியாக வந்த காற்று அனார்குலின் முகத்தில் பட்டது. இதமாக இருந்தது. வீடு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

எசென்தூர் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே குதித்துத் தாழை எடுத்தான். சைக்கால் படுக்கைக்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தாள். ஒரு கை தாழ் இருக்கிற பக்கம் நீண்டிருந்தது. மேரிம் போர்வைக்குள். பையன் எப்படியோ உருண்டு போய்க் கதவு நிலையோடு ஒட்டிப் படுத்திருந்தான். மூன்று பேருடைய கன்னமும் சிவந்து, விளையாடிவிட்டு வந்த பிள்ளைகள் முகம் மாதிரி இருந்தது. 'நல்ல நிறமா இருக்காங்களே, ஒண்ணும் ஆகலை' என்று அனார்குல் நினைத்தாள். எசென்தூர் அந்தச் சிவப்பைப் பார்த்து ஓவென்று அலறினான். அது நச்சுக்காற்றின் நிறம் என்பது கொதிகலன்காரனுக்குத் தெரியும்.

இழுத்து வந்து பனியில் போட்டார்கள். பையன் முதலில் அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத் தெரு திரண்டது. மேரிம் வாந்தி எடுத்தாள். அனார்குல் ஓடிப்போய், நச்சுக்காற்றுக்கு மாற்று என்று ஊர் சொல்கிற புளித்த தயிரைக் கொண்டு வந்து அவள் வாயில் ஊற்றினாள். சைக்கால் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. பனியை அள்ளி முகத்தில் தேய்த்தார்கள், கன்னத்தில் அறைந்தார்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லி யாரும் காத்திருக்கத் துணியவில்லை. தெருமுனையில் கரி இறக்கிக்கொண்டிருந்த ஜூமாபாய் மூட்டையை அப்படியே நடுத்தெருவில் போட்டுவிட்டு வந்து, மூவரையும் முன்னிருக்கையில் ஏற்றினான். ஒற்றை விளக்கைப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போனான்.

வண்டி போனதும் அனார்குல் தம்பியைத் தேடினாள். அவன் அந்த வீட்டுக்குள் அடுப்பின் முன்னால் மண்டியிட்டிருந்தான். அடுப்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே உருண்டைகள் மேலே சாம்பல் பூத்துக் கறுத்துக் கிடந்தன. ஒன்றில் மேரிம் வைத்த வாய் இன்னும் தெரிந்தது. எசென்தூர் இரும்புக் கம்பியால் அதை இரண்டாகப் பிளந்தான். உள்ளே செக்கச்செவேல் என்று கனன்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இன்னொன்றைப் பிளந்தான். அதுவும் சிவப்பு. இன்னொன்று.

"வெளிய வாடா!" என்று கத்தினாள் அக்கா. "வெளிய வந்து தொலைடா!"

"இவ தினம் ஏழரைக்குக் கடைசி வாளி போடறவ. பதிமூணு மணி நேரம் ஆச்சு அக்கா" என்றான்.

பிள்ளைகள் இரண்டாம் நாள் திரும்பி வந்து அனார்குல் வீட்டில் தங்கினார்கள். சைக்கால் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் எசென்தூர் வேலை முடிந்து பின்சந்து வழியாக வந்தான். வாசலில் நிற்கவில்லை. அண்ணாந்து பார்க்கவில்லை. பால் வாங்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். "தகடு மூடறதை அவனா கண்டுபிடிச்சான், நம்ம அப்பன் பாட்டன் மூடலையா" என்றது ஒன்று. "அவனோட நாலு மணின்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது யாரு" என்றது மற்றொன்று. இரண்டாவது கட்சி அனார்குலின் முகத்தைப் பார்த்தே சொன்னது. வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பித் தருகிறவள், குனிந்து பாலை அளந்து ஊற்றினாள்.

சைக்கால் வந்த அன்று சாயங்காலம் அவன் அக்கா வீட்டுக்குள் வந்து கதவருகிலேயே நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். தொப்பி இல்லாத தம்பியின் தலையைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது அனார்குலுக்கு. இவ்வளவு நரைத்திருக்கிறதே என்று திடுக்கிட்டாள். சைக்கால் ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கியது. நூல் ஊசியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது, காதுக்குள் போகவில்லை. மேரிம் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"உக்காருங்க அண்ணே" என்றாள் சைக்கால். பிறகு ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நாலு மணி ஆனப்புறந்தான் நான் மூடினேன். அந்த நாலு மணி நேரம் எந்தக் கரிக்குப் பாத்தது?"

"என் வீட்டுக் கட்டிக்கரிக்கு."

"எனக்கு உருண்டை போடச் சொன்னீங்க."

"சொன்னேன்."

"உருண்டைக்குப் பாக்கலையா?"

அனார்குல் குறுக்கே விழப் போனாள். அவன் நல்லதுக்குத்தானே செய்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தம்பி கையைக் காட்டி நிறுத்தினான்.

"விலை பாத்தேன். எடை பாத்தேன். எத்தனை மணி சூடு நிக்கும்னு பாத்தேன்." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "கங்கு எப்ப சாகும்னு பாக்கலை. ரொம்ப நேரம் நிக்கும்னு என் வாயாலயே சொன்னேன். சொல்லிட்டு அதே நாலு மணியைக் குடுத்தேன்."

பையன் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

"மின்னடுப்புக்கே போயிடு சைக்கால். நூறு பாவாடைதான். போயிடு."

அவன் வாயிலிருந்து விலை கூடினதை எடுத்துக்கொள் என்று வந்ததை அனார்குல் அன்றுதான் கேட்டாள்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு அஞ்சு தைப்பேனா அண்ணே?" என்றாள் சைக்கால். கோபமாகச் சொல்லவில்லை. ஜிப் தகராறு பண்ணுகிறது என்று சொல்லுகிற அதே குரல். "கரிதான். வேற வழி இல்லை. நான் தகட்டை மூடாமலே படுத்துக்கிறேன்."

"மூடாமப் படுத்தா விடியறதுக்குள்ள பிள்ளைங்க விறைச்சுடும். அப்புறம் ஒருநாள் கை தானாப் போய் மூடும். மூடாம எவளும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டினதில்லை."

மறுநாள் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து துளை போடுகிற எந்திரத்தை இரவல் வாங்கி வந்தான். முதலில் தன் வீட்டுத் தகட்டை உருவி எடுத்தான். பிறகு அக்கா வீட்டுத் தகடு. பிறகு அவன் யோசனை கேட்டுத் திருத்திய பதினோரு வீட்டுக் கதவையும் ஒவ்வொன்றாகத் தட்டினான். தகட்டின் நடுவில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. முழுக்க மூடினாலும் அந்த வழி மூடாது. சிலர் பேசாமல் உள்ளே விட்டார்கள். சிலர் வாசலிலேயே நிறுத்தினார்கள்.

"போன வருசம் வந்து ஊசி ஓட்டையெல்லாம் அடைச்சே. இந்த வருசம் வந்து இவ்வளவு பெருசாத் துளை போடறே. எதுடா உன் கணக்கு?" என்றாள் ரொட்டி சுடுகிறவள்.

"மாசம் முப்பது ரொட்டி இதுல போகும்" என்றான் எசென்தூர். "போகட்டும். தகட்டைக் குடு."

அவள் கொடுக்கவில்லை. அவன் போகவும் இல்லை. குளிரில் எந்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வாசலிலேயே நின்றான். அனார்குல் வேலியோரமாக வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரொட்டிக்காரி உள்ளே போனாள், கரி படிந்த தகட்டோடு திரும்பி வந்தாள்.

தெருமுனையில் ஜூமாபாய் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தான். "கரி மந்திரி, இப்ப என் கரி நல்லா விக்கும்டோய்!" என்று கத்தினான். எசென்தூர் திரும்பவில்லை. ஜூமாபாய் வண்டியை விட்டு இறங்கி வந்து, அடுத்த வீட்டுக்கு எந்திரத்தைத் தான் வாங்கிச் சுமந்தான்.

சைக்கால் வீட்டை அவன் கடைசிக்கு வைத்திருந்தான். உடைத்த சன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. மேல் காகிதம் ஒட்டவில்லை. துளை போட்ட தகட்டைச் செருகினான். உருண்டைகளை அடுக்கி அவனே தீ வைத்தான். பிற்பகல் முழுக்க அங்கேயே இருந்தான். தீ அடங்கியது. உருண்டைகள் கறுத்தன. எல்லோரையும் வெளியே போகச் சொன்னான். யாரும் போகவில்லை, வாசற்கதவை மட்டும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் தகட்டை முழுக்க உள்ளே தள்ளினான். சைக்காலின் கை தன் பெண்ணின் தோளை இறுக்கியதை அனார்குல் பார்த்தாள்.

"இந்தத் துளை எத்தனை பாவாடை அண்ணே?"

"ஆறு."

"ஆறுதானே" என்றாள் சைக்கால்.

அவன் பையிலிருந்து மெழுகுவத்தித் துண்டை எடுத்துக் கொளுத்தினான். வாசற்கதவைச் சாத்தச் சொன்னான். அடுப்புக் கதவை ஒரு விரல் அளவு திறந்து, அந்த இடுக்கில் வத்தியைப் பிடித்தான். சுடர் ஒரு கணம் நேராக நின்றது. அவன் மூச்சு விடவில்லை. பிறகு சுடர் மெல்ல அடுப்புக்குள் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. துளை வழியாகக் காற்றை மேலே யாரோ உறிஞ்சுகிற மாதிரி நீண்டு நின்றது.

"சாயுது மாமா" என்றாள் மேரிம்.

எசென்தூர் தலையை ஆட்டினான். வத்தியை எடுக்கவில்லை. மெழுகு உருகி வழிந்து அவன் விரலில் சொட்டியது, விரலை விட்டு மணிக்கட்டுக்கு ஓடி, கடிகாரத்தின் கண்ணாடி மேல் விழுந்து வெள்ளையாக உறைந்தது. அவன் கை அசையவில்லை.